ஆயிரத்தில் ஒருவன்

தமிழ்நாட்டில் ஆயிரத்தில் ஒருவன் நிஜமாகவே இருக்கிறான். எம்.ஜி.ஆர். படத்தைச் சொல்லவில்லை, தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைச் சொல்கிறேன். 2019-21இல் நடந்த ஐந்தாவது கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ள திருமணமான பெண்களில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 57.8 சதவீதம். கணவன் செய்துகொண்டது 0.1 சதவீதம். ஆயிரம் ஜோடிகளை வரிசையில் நிறுத்தினால் 578 மனைவிமார் கத்திக்குப் போய்த் திரும்பியிருப்பார்கள். கணவன்மாரில் ஒரே ஒருவன் போயிருப்பான். அவனும் ஊரில் யாருக்கும் தெரியாமல், மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, பக்கத்து மாவட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்குப் பிறகும், மருத்துவத்தில் பெண்களுக்குச் சம வாய்ப்பு இல்லை என்று குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நன்றிகெட்டவர்கள். நெஞ்சு வலிக்கிறது என்று ஒருத்தி போனால் “கேஸ் ட்ரபிளா இருக்கும்” என்று ஒரு மாத்திரையோடு அனுப்பிவிடுகிறோம், உண்மைதான். நம் மாநிலத்துப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகைக்காரர்கள், அதே கணக்கெடுப்பில் 53.4 சதவீதம், அதுவும் உண்மைதான். மாதவிடாய் வலியென்றால் “எல்லாருக்கும் வர்றதுதானே” என்கிறோம். ஆனால் கருத்தடைக் கத்தி என்று வரட்டும். அங்கே சம பங்கா கொடுக்கிறோம்? 578 பங்கு கொடுக்கிறோம். ஒரு பங்கை மட்டும், மிகுந்த மன வருத்தத்தோடு, ஆண்களுக்கென்று எடுத்து வைத்துக்கொள்கிறோம்.

சிவப்பு முக்கோணத்தின் கீழே சுவருக்குச் சுவர் எழுதினார்களே, “நாம் இருவர், நமக்கு இருவர்” என்று. மூன்றாவது வரிக்குச் சுவரில் இடம் போதவில்லை போலிருக்கிறது. அதையும் நிரப்பிவிடுவோம்: நாம் இருவர், நமக்கு இருவர், கத்திக்கு ஒருத்தி.

தமிழன் கத்திக்குப் பயந்தவன் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. மார்பில் விழுப்புண் ஏந்தாத நாளெல்லாம் வாழ்ந்த கணக்கில் சேராது என்ற பரம்பரை. வேலும் வாளும் வரட்டும், அவன் மார்பு காட்டுவான். அந்தப் பாழாய்ப்போன இடத்தில், ஒரு சின்னத் துளை, பத்துப் பதினைந்து நிமிடம் என்றால் மட்டும் அவனுக்குத் திடீரென்று வேறு வேலை வந்துவிடுகிறது.

அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். தழும்பில்லா ஆண் கருத்தடை என்பது 1974இல் சீன மருத்துவர் லீ ஷுன்சியாங் உருவாக்கிய முறை. மயக்கம் கிடையாது, அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஓர் ஊசி. தோலில் சிறு துளை. விந்து போகும் குழாயை வெளியே இழுத்து, வெட்டி, கட்டி, உள்ளே விடுகிறார்கள். தையல்கூட வேண்டாம். அரை மணி நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து, கடையில் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இரண்டு நாளில் லேசான வேலை. மூன்று மாதம் வேறு பாதுகாப்போடு இருந்துவிட்டு ஒரு பரிசோதனை. ஹார்மோன் சுரப்பது சுரந்துகொண்டேதான் இருக்கும்; மீசை உதிராது, குரல் கீச்சிடாது.

பெண்ணுக்கு? வயிற்றைத் திறக்க வேண்டும். சின்னதாகத் திறந்தாலும் திறப்பது வயிற்றைத்தான். லேப்ராஸ்கோப் என்றால் வயிற்றுக்குள் வாயுவைச் செலுத்தி உப்பவைத்து, குழாயை விட்டு, கருக்குழாய்களைத் தேடிப் பிடித்து வளையம் போட வேண்டும். ரத்தப்போக்கு, தொற்று, குடலில் காயம் என்று ஆபத்துகளின் பட்டியலும் பெண்ணுக்குத்தான் நீளம். இரண்டில் எது எளிது, எது பாதுகாப்பு என்று முதலாமாண்டு மருத்துவ மாணவனைக் கேட்டாலும் சொல்வான். ஆகவே எளியதை விட்டுவிட்டு, ஆபத்தானதை 578 பேருக்குச் செய்தோம்.

அரசையும் குறை சொல்ல முடியாது. ஆணுக்குக் கூடுதல் பணமே கொடுக்கிறது. 2007இல் நிர்ணயித்த ஊக்கத்தொகை ஆணுக்கு 1100 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள பெண்ணுக்கு 600 ரூபாய். சின்னத் துளைக்குப் பெரிய தொகை, பெரிய வெட்டுக்குச் சின்னத் தொகை. கூலியில் நடக்கும் அநியாயம் இங்கே மட்டும் எப்படி மாறும்? அப்படிக் கொடுத்தும் ஆள் வரவில்லை. ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண் கருத்தடைக்கென்றே இருவார விழா நடக்கிறது. ஃபிளெக்ஸ் கட்டுகிறார்கள், பேரணி போகிறார்கள். பேரணியில் பதாகை பிடித்து நடப்பவர்களைப் பாருங்கள்: கிராம செவிலியர்கள், நர்சிங் மாணவிகள், அங்கன்வாடி ஊழியர்கள். ஆண் கருத்தடைக்கு நடப்பதும் பெண்கள்தான்!

ஆண்கள் ஏன் வருவதில்லை? பிரசவ வார்டில் போய் நின்றால் காரணம் காதிலேயே விழும். இரண்டாவது பிரசவம். வலி விட்டுவிட்டு வருகிறது. “ஏம்மா, இதோட போதும்ல? கையோட ஆபரேஷனும் பண்ணிடலாமா?” என்று கேட்கிறார் நர்ஸ். பதில் கட்டிலில் கிடப்பவளிடமிருந்து வராது. பக்கத்தில் ஒயர்கூடையோடு நிற்கும் மாமியாரிடமிருந்து வரும். “பண்ணிடுங்கம்மா, ரெண்டு போதும்.” “உங்க மகன் பண்ணிக்கிட்டா ரொம்ப சுலபமாச்சே” என்று நர்ஸ் இழுத்தால் தீர்ந்தது. “ஐயையோ! அவன் லோடு ஏத்துற வேலை பாக்குறவன். நாளைக்கு வெயிட்டு தூக்க வேணாமா? இவ வீட்ல சும்மாதானே இருக்கா.”

சும்மா இருப்பவளின் சும்மாவைக் கணக்கெடுத்தவர் உண்டா? தண்ணீர் லாரி வரும் நாளில் எட்டுக் குடம். ரேஷன் அரிசி மூட்டை. இடுப்பில் மூத்தவன், வயிற்றில் இளையவன். நூறு நாள் வேலையில் தலையில் மண்சட்டி. மாடு இருந்தால் புல்லுக்கட்டு. இதெல்லாம் வெயிட்டுக் கணக்கில் வராது. ஏனென்றால் இதற்கு லோடுமேன் கூலி கிடையாது. அந்தக் கணவன்? அவன் வார்டுக்கு வெளியே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இதே கணக்கெடுப்பில் இந்திய ஆண்களில் 35 சதவீதம் பேர், கருத்தடை பெண்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், ஆண் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். மீதி 65 சதவீதம் பேர் வாயால் அப்படிச் சொல்லவில்லை, செயலில் காட்டிவிட்டார்கள்.

நம் ஆண்கள் பரம்பரையாகவே இப்படி என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. இந்தியாவில் கருத்தடை அறுவைக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தை முதலில் கையில் எடுத்ததே நம் மெட்ராஸ் மாநிலம்தான். தலைமைச் செயலாளர் ஆர்.ஏ. கோபாலசுவாமியின் முயற்சியில், 1950களின் பிற்பகுதியில், செய்துகொள்பவருக்கு 30 ரூபாய், அழைத்து வருபவருக்குத் தனிக் கமிஷன். அன்று மேஜையில் படுத்தவர்களில் பெரும்பாலோர் வேட்டி கட்டியவர்கள். 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் கலெக்டர் கிருஷ்ணகுமார் நடத்திய முகாமில் ஒரே மாதத்தில் 60,000க்கும் மேற்பட்ட ஆண்கள் செய்துகொண்டார்கள். அன்றைய ஆண்களுக்கு இருந்ததில் இன்றைய ஆண்களுக்கு என்ன குறைந்துவிட்டது?

நடுவில் வந்தது நெருக்கடி நிலை. 1976-77 ஒரே ஆண்டில் ஏறக்குறைய 83 லட்சம் கருத்தடை ஆபரேஷன்கள். அவற்றில் 62 லட்சம் ஆண்களுக்கு. கிராமங்களைப் போலீஸ் வளைத்தது. ஆசிரியர்களுக்கு இத்தனை பேர் என்று இலக்கு, பிடித்துத் தராவிட்டால் சம்பளம் கிடையாது. அது கொடுமை, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. 1977 மார்ச்சில் மக்கள் கணக்குத் தீர்த்தார்கள். உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும் காங்கிரசுக்கு ஓர் இடம்கூட இல்லை. இந்திரா காந்தி ரேபரேலியில் தோற்றார். கட்டாயக் கருத்தடை மட்டுமே காரணமல்ல. ஆனால் பெரிய காரணம்.

அதிலிருந்து நம் ஆட்சியாளர்கள் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். “மனித உடம்பின் மேல் அரசு பலவந்தமாகக் கைவைக்கக் கூடாது” என்ற பாடம் என்று நினைத்தால் நீங்கள் வெள்ளந்தி. அவர்கள் கற்றது இது: ஆண் உடம்பின் மேல் கைவைக்கக் கூடாது. அவனுக்குக் கோபம் வரும், கோபம் ஓட்டாக மாறும். “குடும்பக் கட்டுப்பாடு” என்ற துறையின் பெயர் “குடும்ப நலம்” என்று மாறியது. இலக்கு மாறவில்லை, முகாம் மாறவில்லை, மேஜை மாறவில்லை. மேஜையில் கிடப்பவர் மட்டும் மாறினார். கத்தி, கோபப்படாத உடம்பைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டது.

அதன் பிறகு நடந்ததற்கெல்லாம் ஆவணம் இருக்கிறது. பீகார், அராரியா மாவட்டம், 2012 ஜனவரி. ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். இரவு எட்டு மணிக்குத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் ஒரே டாக்டர் 53 பெண்களுக்கு ஆபரேஷன். பள்ளி டெஸ்க்குகள்தான் ஆபரேஷன் மேஜை. வெளிச்சத்துக்கு டார்ச் லைட். ஒரு பெண்ணுக்கு இரண்டேகால் நிமிடம். பரோட்டா மாஸ்டர்கூட ஒரு பரோட்டாவுக்கு அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வார்.

சத்தீஸ்கர், பிலாஸ்பூர் அருகே, 2014 நவம்பர் 8. பூட்டிக் கிடந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக் கட்டடம். சில மணி நேரத்தில் 83 பெண்கள். விதிப்படி ஒரு மருத்துவக் குழு ஒரு நாளில் 30 பேருக்கு மேல் செய்யக் கூடாது. ஒரு லேப்ராஸ்கோப்பைப் பத்துப் பேருக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. அங்கே இருந்தது ஒரே லேப்ராஸ்கோப். 13 பெண்கள் செத்தார்கள். எல்லோரும் ஏழைகள், வீட்டில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வந்தவர்கள். அங்கே ஆபரேஷன் செய்த டாக்டருக்கு அதே ஆண்டு குடியரசு தினத்தில்தான் மாநில அரசு விருது கொடுத்திருந்தது. எதற்கு? 50,000 ஆபரேஷன்கள் செய்த சாதனைக்கு. எண்ணிக்கைக்கு விருது கொடுக்கும் அரசுக்கு எண்ணிக்கைதான் கிடைக்கும். அதில் 13 சேர்ந்தது, அவ்வளவுதான். முதல்வர் விலகவில்லை, சுகாதார அமைச்சர் விலகவில்லை, அரசு அசையவில்லை.

நாடே அந்தச் சாவுகளைப் பேசிக்கொண்டிருந்த அதே மாதக் கடைசியில் ஒடிசாவின் அங்குல் மாவட்டத்தில் இன்னொரு முகாம். 56 பெண்கள். வயிற்றை உப்பவைக்கும் கருவி இல்லை. டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? சைக்கிள் பம்ப் எடுத்து அடித்தார். ஆம், பஞ்சர் கடையில் இருக்குமே, அந்தப் பம்ப். விஷயம் வெளியே வந்ததும் அவர் கூச்சப்படவும் இல்லை. பல காலமாக இப்படித்தான் செய்து வருகிறேன் என்றார். ஓர் ஆணின் உடம்புக்குள் சைக்கிள் பம்ப் போயிருந்தால் இந்த நாட்டில் எத்தனை பஸ் எரிந்திருக்கும்?

செத்தால் என்ன கொடுப்பது என்பதையும் அரசு ஒழுங்காக வகுத்து வைத்திருந்தது. 2013இன் இழப்பீட்டுத் திட்டத்தின்படி, ஆஸ்பத்திரியிலோ வீடு திரும்பிய ஏழு நாட்களுக்குள்ளோ செத்தால் 2 லட்சம். எட்டாவது நாளிலிருந்து முப்பதாவது நாளுக்குள் செத்தால் 50,000. ஆகவே, காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடக்கும் பெண் தலைமாட்டில் ஒரு காலண்டரும் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஏழாவது நாள் ராத்திரி உயிர் போனால் பிள்ளைகளுக்கு 2 லட்சம். தாக்குப்பிடித்து எட்டாவது நாள் விடிந்துவிட்டால் ஒன்றரை லட்சம் நஷ்டம். முப்பத்தோராவது நாள்வரை போராடினால், அது அவளுடைய சொந்தச் சாவு, அரசுக்குச் சம்பந்தமில்லை.

உச்ச நீதிமன்றம் 2005இலேயே நெறிமுறை வகுத்தது. யாரும் சட்டை செய்யவில்லை. 2016 செப்டம்பர் 14 அன்று தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் மறுபடி சொன்னது: மூன்று ஆண்டுகளுக்குள் முகாம்களை ஒழியுங்கள், இழப்பீட்டை உயர்த்துங்கள், மறைமுக இலக்கு வைக்காதீர்கள். 2010க்கும் 2013க்கும் இடையில் மட்டும் 363 பெண்கள் செத்திருந்தார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவரும் ஒரு பெண். செத்தவர்கள் பெண்கள், செத்தவர்களுக்காகக் கோர்ட் படி ஏறியதும் பெண். ஆண்களின் பங்களிப்பு என்ன என்று கேட்காதீர்கள். குழந்தை கொடுத்தார்களே, போதாதா?

இதற்கு நேரெதிரான கதை ஒன்று மத்தியப்பிரதேசத்தில் நடந்தது. 2020 பிப்ரவரியில் சுகாதாரத் துறை ஓர் ஆணை போட்டது: ஆண் சுகாதாரப் பணியாளர் ஒவ்வொருவரும் குறைந்தது ஓர் ஆணையாவது கருத்தடைக்கு அழைத்து வர வேண்டும், இல்லாவிட்டால் சம்பளம் கிடையாது. அவ்வளவுதான், பூகம்பம்! “மறுபடியும் நெருக்கடி நிலை” என்று கூக்குரல். சில நாட்களில் ஆணை வாபஸ்; ஆணை போட்ட அதிகாரி இடமாற்றம். அப்படியொரு மிரட்டல் ஆணை தப்புதான், வாபஸ் வாங்கியதும் சரிதான். ஆனால், ஆள் பிடித்து வரச் சொல்லி ஆஷா ஊழியர்களையும் கிராம செவிலியர்களையும் ஆண்டாண்டு காலமாக வாட்டுகிறார்களே, அவர்கள் பிடித்து வந்தது பெண்களை என்பதால் அன்று பூமி அதிரவில்லையா?

தமிழ்நாட்டுக்காரர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். “அதெல்லாம் வடக்கே. எங்க ஊரில் டார்ச் லைட்டும் கிடையாது, சைக்கிள் பம்பும் கிடையாது.” உண்மை. நம் பிரசவங்களில் 99 சதவீதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. பேறுகாலச் சாவு இந்திய சராசரியைவிட மிகக் குறைவு. அரசு ஆஸ்பத்திரியில் ஏழைக்கும் நல்ல டாக்டர் கிடைக்கிறார். பெருமைப்பட வேண்டியதுதான், இதைக் கட்டியெழுப்பிய செவிலியர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டியதுதான். ஆனால் நல்ல விளக்கு, நல்ல மேஜை, நல்ல கையுறை என்று எல்லாம் கொடுத்த நாம், ஒன்றை மட்டும் அவளுக்குக் கொடுக்கவில்லை: வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு. நம் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். “வயிற்றைத் திறந்தாச்சு, அதையும் முடிச்சுடலாம்” என்பது சுலபமான ஏற்பாடு. கருக்கலைப்புக்குப் போனால் “ஆபரேஷனும் பண்ணிக்கிறதா இருந்தா சொல்லு” என்ற பேரம். சில இடங்களில் பிரசவத்தோடு காப்பர்-டி போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் வலி வந்த பிறகுதான் அவளுக்கே தெரியவரும் கதை. வலியில் கிடப்பவளிடம் கேட்டு வாங்கும் தலையசைப்புக்குச் சம்மதம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

கையெழுத்து விஷயம் இன்னும் அழகு. 1971இன் கருக்கலைப்புச் சட்டப்படி, வயது வந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கருத்தடை அறுவைக்கும் கணவன் அல்லது மனைவியின் சம்மதம் தேவையில்லை என்று மத்திய அரசின் நெறிமுறையே சொல்கிறது. 2022இல் உச்ச நீதிமன்றமும், சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளைப் பெண்கள் மேல் சுமத்தாதீர்கள் என்று டாக்டர்களுக்குச் சொன்னது. ஆனால் ஓ.பி. வாசலில் அரசியல் சட்டமே ஒரு கேள்விதான்: “வீட்டுக்காரர் வந்திருக்காரா?” வெட்டுவது அவள் வயிற்றை, கையெழுத்து அவனுடையது. இந்த நாட்டில் நிலம் விற்கும்போதுகூட உரிமையாளரிடம்தான் கையெழுத்து வாங்குகிறார்கள். ஓ, இங்கேயும் அப்படித்தானோ?

இத்தனையும் நடந்து முடிந்த பிறகு இப்போது காற்று திசை மாறியிருக்கிறது. மக்கள்தொகையைக் குறைத்ததற்குத் தண்டனையாக, தொகுதி மறுவரையறையில் தென் மாநிலங்களின் நாடாளுமன்ற இடங்கள் குறையும் என்ற பயம் வந்துவிட்டது. அந்தப் பயம் நியாயமானது. அதற்குக் கண்டுபிடித்த வைத்தியம் என்ன? 2024 அக்டோபரில், அன்று நம் முதல்வராக இருந்த ஸ்டாலின் திருமண மேடையில் பதினாறு பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். 2025இல் புதுமணத் தம்பதிகள் உடனே குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார். ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, இரண்டுக்கு மேல் பெற்றவர்தான் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாம் என்று சட்டம் கொண்டுவரலாமா என்று யோசித்தார். அவருடைய மாநிலத்தில் திருமணமான பெண்களில் சுமார் 70 சதவீதம் பேர் ஏற்கெனவே கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். யாரைப் பார்த்துப் பெறச் சொல்கிறார்? நேற்று “நிறுத்து” என்றார்கள், நிறுத்தினாள். இன்று “பெறு” என்கிறார்கள். இடையில் ஒரு முறையாவது “உனக்கு எத்தனை வேண்டும்? எப்போது வேண்டும்?” என்று கேட்டீர்களா?

ஆண்களைப் பிடித்துக் கட்டிப்போடச் சொல்லவில்லை. அந்தக் கொடுமையை ஒருமுறை பார்த்தாகிவிட்டது. பிரசவ வார்டில் அவளிடம் கேட்கும் கேள்வியை, வெளியே போன் பார்த்துக்கொண்டிருக்கும் அவனிடமும் கேளுங்கள். அவளிடம் கேட்பதை வலி வருவதற்கு முன்பே, ஐந்தாம் மாத செக்கப்பிலேயே, மாமியார் இல்லாத அறையில் கேளுங்கள். எல்லா வழிகளையும் சொல்லுங்கள், எதுவும் வேண்டாம் என்பதையும் ஒரு வழியாகச் சொல்லுங்கள். தழும்பில்லா கருத்தடை தெரிந்த டாக்டர் ஆண்டு முழுவதும் ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியிலும் இருக்கட்டும், விழா நடக்கும் இரண்டு வாரத்துக்கு மட்டுமல்ல. கருக்கலைப்போடு ஆபரேஷனை முடிச்சுப் போடுகிறவர் மேல் நடவடிக்கை எடுங்கள். மக்கள்தொகையைக் குறைப்பதானாலும் கூட்டுவதானாலும் மேடை போட்டு ஆண்கள் மட்டும் முடிவெடுக்கும் வழக்கத்தை விடுங்கள். அந்தக் கூட்டத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். மேஜையில் கிடத்தியது போதும்.